பழைய பொலிஸ், மீட்புக்குழுத் தொடர்களை முதலுதவிக் குழுவுக்குப் போட்டுக் காட்டலாமா? எதை எடுப்பது, எதை விடுவது?

மஸ்கெலியா வாசிகசாலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் முதலுதவிக் குழுப் பிள்ளைகள் 18 பேர் சனிக்கிழமை மாலையில் கூடுகிறார்கள். வயது 16 முதல் 24 வரை. புத்தகத்தை மட்டும் வைத்துப் பாடம் நடத்தினால் அரை மணி நேரத்தில் கவனம் போய்விடுகிறது. அதனால் 'எமர்ஜென்சி' (தீயணைப்பு மீட்புக்குழு), 'ஆடம்-12' (நகரப் பொலிஸ் ரோந்து), 'சிப்ஸ்' (நெடுஞ்சாலைப் பொலிஸ்) ஆகிய மூன்று பழைய அமெரிக்கத் தொடர்களிலிருந்து வாரம் ஒன்றாகப் போட்டுக் காட்டி, அதை வைத்துப் பேசலாம் என்று நினைத்திருக்கிறோம்.

கையில் இருப்பது ரி.வி.யிலிருந்து பதிந்த வீஎச்எஸ் நாடா ஒரு பெட்டி, அமெரிக்காவிலிருந்து வந்த டிவிடித் தொகுப்பு ஒன்று, மடிக்கணினி, புரொஜெக்டர். நாடாவைப் போட்டால் குரல் எல்லாம் கொஞ்சம் கீச்சென்று கேட்கிறது. திரையில் ஆட்கள் குண்டாகத் தெரிகிறார்கள். சில நாடாக்களின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது.

எந்தத் தொடரில் தொடங்குவது? 50 வருடப் பழைய மருத்துவத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பிழையாகப் பழகிவிடாமல் இருக்க எதை எல்லாம் சொல்லி வைக்க வேண்டும்? தமிழில் வசன வரி சேர்க்க வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

ரம்பொடை வளைவு எழுதியது:

தம்பி, 'எமர்ஜென்சி'யில் தொடங்குங்கள். மற்ற இரண்டும் அதற்குப் பிறகு வரட்டும். முதலுதவி படிக்கிறவர்களுக்கு அதில் இருக்கும் சரக்கு வேறு எந்தத் தொடரிலும் இல்லை. நான் சொல்வது அதில் வரும் வைத்தியத்தை அல்ல. வானொலியில் அவர்கள் பேசும் ஒழுங்கைத்தான்.

1972 ஜனவரியில் என்பிசி தொலைக்காட்சியில் வந்த முன்னோட்டப் படத்தை விட்டுவிட்டு நேராக அத்தியாயங்களுக்குப் போக வேண்டாம். அந்தப் படம் கலிபோர்னியாவில் 1970இல் வந்த வெட்வொர்த்-டவுன்சென்ட் சட்டத்தைச் சுற்றியது. படத்தின் பெயரும் ஏறக்குறைய அதுதான். தீயணைப்பு வீரன் ஒருவன் மருந்து ஏற்றலாமா, டொக்டரோ தாதியோ பக்கத்தில் இல்லாமல் ஊசி போடலாமா என்பதுதான் அங்கே சண்டை. பராமெடிக் (ஆஸ்பத்திரிக்கு வெளியே சிகிச்சை செய்யப் பயின்றவர்) வேலையையே முதலில் நம்பாத டொக்டர் பிராக்கெட் மெல்ல மெல்ல மனம் மாறுவார். அதைப் பார்த்த பிறகுதான், தொடரின் நாயகர்களான பராமெடிக்குகள் ஜானி கேஜும் ராய் டிசோட்டோவும் ஏன் ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு அனுமதிக்காக நிற்கிறார்கள் என்பது விளங்கும். அவர்களுடைய அதிகாரம் அந்த வானொலிக் கம்பியில் தொங்குகிறது.

இனி அந்தக் காட்சியைக் கிட்டத்தில் பாருங்கள். செம்மஞ்சள் நிறப் பெட்டி ஒன்றைத் தரையில் வைத்துத் திறப்பார்கள். பெயர் பயோஃபோன். அன்டனாவைப் பொருத்துவார்கள். காதில் ரிசீவரை வைத்து, "ராம்பார்ட், இது ஸ்குவாட் 51" என்று கூப்பிடுவார்கள். ராம்பார்ட் ஆஸ்பத்திரியின் பெயர், ஸ்குவாட் 51 அவர்களுடைய வண்டி. மறுமுனை பதில் சொல்லும் வரை நோயாளியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பதில் வந்ததும் ஓர் ஒழுங்கில் பேச்சு ஓடும்: ஆணா பெண்ணா, வயது ஏறக்குறைய எத்தனை, என்ன நடந்தது, நினைவு இருக்கிறதா, நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், இதுவரை என்ன செய்தோம். மறுமுனையில் உத்தரவு வந்தால் அதை அப்படியே திருப்பிச் சொல்லி உறுதி செய்வார்கள். அந்தத் திருப்பிச் சொல்லுதலை வேகத்தில் விட்டுவிடுவதால்தான் மருந்தின் அளவு மாறிப்போகிறது, இடம் மாறிப்போகிறது.

இந்த இடத்தில் படத்தை நிறுத்துங்கள். கேஜ் வாய் திறப்பதற்கு முன்பே நிறுத்தி, பிள்ளைகள் ஆளுக்கொரு தாளில் அந்த நோயாளியைப் பற்றி ஐந்து வரி எழுதட்டும். பிறகு ஓடவிட்டு ஒப்பிடுங்கள். அடுத்த படியாக அதே ஐந்து வரியை 1990 சுவசெரிய அம்பியுலன்ஸுக்குச் சொல்வதாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் இதில்தான் சிக்கல் அதிகம். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், நாம் வழங்குவது இன்னொன்று. கிளென்கெயர்ன் நமக்குக் கிளங்கன். மறுமுனையில் இருப்பவர் வரைபடத்தில் தேடுவது பலகையில் உள்ள பெயரை. ஆகவே இரண்டு பெயரையும் சொல்ல வேண்டும், பிறகு டிவிசன், பிறகு லயத்து நம்பர் அல்லது மலை நம்பர், பிறகு பெரிய ரோட்டிலிருந்து திரும்பும் இடத்தின் அடையாளம். கோயில், ஸ்டோர், கொழுந்து மடுவம், பிள்ளைக் காம்பரா, இதில் ரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிவது எதுவோ அது. வண்டி எதுவரை ஏறும், அதற்கு மேல் எத்தனை தூரம் தூக்கி வர வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். திருப்பத்தில் ஒரு ஆளை டோர்ச்சுடன் நிறுத்திவிட்டு அவருடைய நம்பரையும் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடரின் நம்பகத்துக்கு ஒரு காரணம், வேலை தெரிந்தவர்களே அதில் இருந்தது. அழைப்பை அறிவிக்கும் குரலான சாம் லேனியர் லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி தீயணைப்புத் துறையின் உண்மையான டிஸ்பாட்சர், அதாவது அழைப்பை எடுத்து வண்டி அனுப்புபவர். எஞ்சினை ஓட்டும் மைக் ஸ்டோக்கர் உண்மையான தீயணைப்பு வீரர், சொந்தப் பெயரிலேயே நடித்தார். 51ஆம் நிலையமாகக் காட்டப்படுவது கார்சனில் இருக்கும் 127ஆம் நிலையம். இன்று அதற்குத் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொபர்ட் சினேடரின் பெயர். நடிகர்கள் பயன்படுத்திய தொப்பி, பயோஃபோன் போன்றவற்றை 2000ஆம் ஆண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் ஏற்றுக்கொண்டது. ஒரு நாடகத்துக்கு இது சின்ன மரியாதை இல்லை.

ஹப்புத்தளை மூடுபனி எழுதியது:

பொலிஸ் பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

'ஆடம்-12' உங்கள் வகுப்புக்கு நேரக் கணக்கிலும் பொருந்தும். விளம்பரம் நீக்கினால் ஓர் அத்தியாயம் 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1968 முதல் 1975 வரை ஏழு பருவம், 174 அத்தியாயம். 'எமர்ஜென்சி'யை எடுத்த ஜாக் வெப்பின் நிறுவனம்தான் இதையும் எடுத்தது. தலைப்பையே முதல் நாள் பாடமாக்கலாம். வானொலியில் வருவது "1-ஆடம்-12". முதல் 1 நகர மத்திய பிரிவு. ஆடம் என்றால் இரண்டு பேர் போகும் ரோந்துக் கார். 12 அவர்களின் ரோந்துப் பகுதி. மூன்று சொல்லில் யார், எத்தனை பேர், எங்கே என்பது முடிந்துவிடுகிறது. பேசுகிற பெண் குரல் ஷரோன் கிளாரிட்ஜ், அவரும் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸின் உண்மையான டிஸ்பாட்சர்தான்.

கதையமைப்பு ஒரே குற்றத்தைத் துரத்துவது இல்லை. ஒரு முறைநேரத்தில் வரும் நாலைந்து அழைப்புகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல். குழந்தை காணவில்லை, அயலவர் சண்டை, திருட்டு, விபத்து. எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று மூத்த பொலிஸ்காரனான மலோய் புதியவனான ரீடுக்குச் சொல்லிக்கொடுப்பது பயிற்சிக்கு அருமையான பொருள். "கோட் 3" என்றால் விளக்கும் சைரனும் போட்டுப் போவது, "கோட் 2" அவசரம் ஆனால் சைரன் இல்லை, "கோட் 4" இனி உதவி தேவையில்லை. இந்த கோட் 4ஐப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். ஆள் கிடைத்துவிட்டது, நோயாளி வேறு வண்டியில் போய்விட்டார் என்றால் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு அம்பியுலன்ஸ் வீணாக மலை ஏறும், இன்னொரு வீட்டில் ஒருவர் காத்துக்கிடப்பார்.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கைது செய்யும்போது உரிமைகளை வாசிப்பது 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த மிராண்டா தீர்ப்பால் வந்தது. அது அந்த நாட்டுச் சட்டம். இங்கேயும் அதே வசனம் சொல்வார்கள் என்று பிள்ளைகள் எதிர்பார்க்கக் கூடாது. இங்கே தெரிந்திருக்க வேண்டியது வேறு: முறைப்பாட்டை எழுதியதும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது, விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காமல் இருப்பது, பதிவு நம்பரையும் திகதியையும் குறித்துக்கொள்வது.

'சிப்ஸ்' பற்றிச் சுருக்கமாகப் போதும். 1977 முதல் 1983 வரை, 139 அத்தியாயம். ஜானும் பொஞ்சும் கவாஸாக்கி மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலை ரோந்து போவார்கள். துப்பாக்கியை உறையிலிருந்து எடுப்பதே அபூர்வம். அது நல்ல விஷயம். ஆனால் விபத்துக் காட்சிகளை அப்படியே நம்ப வேண்டாம். கார் ஆகாயத்தில் புரளுவதற்கு மறைவாக ஒரு சாய்தளம் இருக்கும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அது எந்த இடம் என்று கண்டுபிடித்துவிடலாம். உருண்ட காரிலிருந்து ஓடிப்போய் ஆளை இழுத்து வெளியே எடுப்பது அதில் வழக்கம். நெருப்போ வெள்ளமோ மண்சரிவோ இல்லாவிட்டால் அப்படி இழுக்கக் கூடாது. கழுத்து எலும்பு உடைந்திருந்தால் அந்த இழுப்பிலேயே ஆள் முடமாகிவிடுவார். பொஞ்சாக நடித்த எரிக் எஸ்ட்ராடாவே 1979இல் படப்பிடிப்பில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மோசமாகக் காயப்பட்டார் என்பதையும் சொல்லிவையுங்கள்.

இன்னொரு சிறு செய்தி. 'எமர்ஜென்சி'யின் முன்னோட்டப் படத்தில் மலோயும் ரீடும் நேரில் வந்து போவார்கள். பிறகு ஓர் அத்தியாயத்தில் கேஜ் 'ஆடம்-12'ஐ ரி.வி.யில் பார்த்துக்கொண்டிருப்பான், முடிவைப் பார்க்கவிடாமல் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். ஒரே ஊரில் நிஜ ஆட்களாகவும் நாடக ஆட்களாகவும் இருக்கிறார்கள். கூர்மையான பிள்ளை யாராவது கண்டுபிடித்துக் கேட்கும்.

கொட்டகலை அக்கா எழுதியது:

வைத்தியப் பக்கத்தை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் பிழை விட்டால் உயிர் போகும்.

முதலில் சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பது. தொடரில் முழங்கையை மடக்கிக்கொண்டு மெதுவாக நெஞ்சைத் தட்டுவது போலத் தெரியும். நடிகருக்கு இதயம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது உண்மையாக அழுத்த முடியாது, விலா எலும்பு உடைந்துவிடும். அதனால் நடிப்பில் எப்போதும் பிழையான கைதான் வரும். கணக்கும் பழையது. அந்தக் காலத்து முறையில் ஒருவர் செய்தால் 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இருவர் செய்தால் 5க்கு 1. இப்போது பெரியவர்களுக்கு 30க்கு 2. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், நெஞ்சு 5 முதல் 6 சென்ரிமீற்றர் இறங்க வேண்டும், ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் முழுதாக மேலே வரவிட வேண்டும். முழங்கை நேராக, தோள் கைக்கு நேர் மேலே. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். களைப்புத் தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும். மூச்சுக் கொடுக்கப் பழகாதவர் அழுத்தத்தை மட்டும் நிறுத்தாமல் செய்தாலும் பயன் உண்டு. கட்டிலிலோ மெத்தையிலோ செய்யாமல் தரையில் இறக்கிச் செய்ய வேண்டும்.

மின் அதிர்ச்சிக் காட்சி வரும்போது ஒரு விளக்கம் தேவை. இதயம் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும் நிலைக்குத்தான் அதிர்ச்சி. 'எமர்ஜென்சி'யில் பெரும்பாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார்கள், அதைப் பாராட்ட வேண்டும். கோடு நேராகப் போன பிறகு அதிர்ச்சி கொடுத்து எழுப்புவது பிறகு வந்த நாடகங்களின் கற்பனை. அளவும் மாறிவிட்டது. அந்தக் கருவிகளில் 400 வாட்-செக்கன், அதாவது 400 ஜூல் வரை போவார்கள். இன்றைய கருவிகள் இருபக்க அலை கொண்டவை, 120 முதல் 200 ஜூல் போதும்.

நஞ்சு குடித்தவர் வரும் அத்தியாயங்களில் வாந்தி எடுக்க வைக்க இப்பிகாக் பாணி கொடுப்பார்கள். இதை நிறுத்திவைத்துச் சொல்லுங்கள்: வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது எதுவும் வேண்டாம். அரிக்கும் திரவமோ மண்ணெண்ணெயோ என்றால் திரும்பி வரும்போது தொண்டையையும் நுரையீரலையும் இன்னும் கெடுக்கும். தோட்டத்தில் களைநாசினி, பூச்சிநாசினி என்றால் உடம்பில் பட்ட உடுப்பைக் கழற்றி, தோலைத் தண்ணீரால் கழுவி, போத்தலை லேபலுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கழுவுகிறவர் கையுறை போட வேண்டும். கையுறை என்றதும் இன்னொன்று. இந்தத் தொடர்களில் யாரும் கையுறை போடாமல் இரத்தத்தில் கை வைப்பதைப் பார்ப்பீர்கள். அது எண்பதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் எல்லா இடத்திலும் கட்டாயப் பழக்கமானது.

கேஜைப் பாம்பு கடிக்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதைப் போடுவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள்: கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் அந்தக் காலத்து வைத்தியம். இப்போது செய்வது, கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் தடி வைத்துத் தாங்குவது, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுவது, நடக்கவிடாமல் தூக்கிப் போவது. அமெரிக்கக் கதையில் வருவது கிலுகிலுப்பைப் பாம்பு. நமக்குத் தேயிலைச் சருகில் கிடப்பது சிறிய குழிவிரியன். இங்கே பாவிக்கும் இந்திய விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. ஆகவே ஆஸ்பத்திரியில் அதைக் கொடுக்கவில்லை என்று சொந்தக்காரர் சத்தம் போடக் கூடாது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம், தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும்.

நமக்கு மிகத் தேவையானது குளவிக் கொட்டு. மலைத்தேனீயையும் குளவி என்றே சொல்லிவிடுவோம். தேனீயானால் கொடுக்குத் தோலில் நிற்கும், உடனே எடுத்துவிட வேண்டும், சுரண்டியா நகத்தாலா என்று யோசித்து நேரம் போக்க வேண்டாம். முதலில் கூட்டின் பக்கத்திலிருந்து ஓடி விலக வேண்டும், விழுந்தவரைத் தூக்கப் போகிறவர் படங்கையோ கம்பளியையோ போர்த்திக்கொண்டு போக வேண்டும். முகம் வீங்கி, குரல் அடைத்து, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் அது ஒவ்வாமை அதிர்ச்சி. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரவைக்கலாம். எழுப்பி நடக்கவைத்தால் அந்த இடத்திலேயே இரத்த அழுத்தம் விழுந்து இறந்துபோகக் கூடும். மருந்து அட்ரினலின்தான். தொடரின் காலத்தில் தோலுக்கடியில் போட்டார்கள். இப்போது பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில், பயிற்சி பெற்றவர் போட வேண்டும். பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமை மாத்திரை அதற்குப் பதில் ஆகாது.

பழைய நாடா எழுதியது:

அண்ணே, வெள்ளையாகப் படிந்தது பூஞ்சணம். அந்த நாடாவைத் தயவுசெய்து பிளேயரில் போடாதீர்கள். ஒரு முறை போட்டால் வீடியோ ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் நல்ல நாடாக்கள் எல்லாவற்றுக்கும் பரவும். மஸ்கெலியா ஈரத்துக்கு இது சாதாரணம். பூஞ்சணம் உள்ளதை எல்லாம் தனிப் பெட்டியில் போட்டுப் பிரித்துவையுங்கள். நல்லவற்றைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது, வறுத்துத் திரும்பப் பாவிக்கலாம். அடுப்பங்கரைப் பரணில் வைத்தால் உலரும் என்று நினைக்க வேண்டாம், புகைப் படிவு பூஞ்சணத்தை விட மோசம். வெயிலிலும் வைக்கக் கூடாது. குளிரான அறையிலிருந்து எடுத்த நாடாவை இரண்டு மணி நேரமாவது புரொஜெக்டர் அறையில் வைத்திருந்து, முழுதாக ஒருமுறை முன்னே ஓட்டிப் பின்னே சுற்றிவிட்டுப் போடுங்கள். ஹெட் துடைப்பதானால் மான் தோலில் ஐசோபுரோப்பில் அற்ககோல் தொட்டு, உருளை சுற்றும் திசையில் பக்கவாட்டில் மட்டும். மேலும் கீழும் துடைத்தால் ஹெட் முறிந்துவிடும்.

ஆட்கள் குண்டாகத் தெரிவது படத்தை 16:9 திரை முழுக்க இழுத்துவிட்டதால். இந்தத் தொடர்கள் 4:3 அளவு. இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஸ்குவாட் வண்டியின் சக்கரத்தைப் பாருங்கள், முட்டை வடிவமாக இருந்தால் பிழை. புரொஜெக்டரில் 4:3 தெரிவுசெய்து இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரவிடுங்கள். பட்டையை மறைக்க 'ஸூம்' போட்டால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, அந்தக் கை வேலை எல்லாம் திரைக்கு வெளியே போய்விடும்.

கீச்சுக் குரல் விஷயம் சுவாரசியமானது. இந்தத் தொடர்கள் ஃபிலிமில் செக்கனுக்கு 24 சட்டகம். நம் நாட்டு ரி.வி. ஒளிபரப்பு முறையான பால் (PAL) 25. ஒளிபரப்பில் அப்படியே 25இல் ஓட்டிவிடுவார்கள். அதனால் நாலு வீதம் வேகம் கூடி, குரலின் சுருதியும் சற்று ஏறிவிடும். 50 நிமிட அத்தியாயம் 48இல் முடிந்துவிடும். கணினிக்கு மாற்றிய பிறகு 0.96 வேகத்தில் ஓட்டினால் சரியாகும். ஆனால் விஎல்சியில் வேகத்தை மட்டும் குறைத்தால் குரல் கீச்சாகவே இருக்கும், ஏனென்றால் அது சுருதியைக் காப்பாற்றும் வசதியைத் தானாகவே போட்டு வைத்திருக்கிறது. ஆடியோ அமைப்பில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' என்பதை நிறுத்துங்கள். நிரந்தரமாகத் திருத்துவதானால் ஒலியின் சாம்பிள் ரேட்டை 48,000 இலிருந்து 46,080 என்று வாசிக்கவைத்து, படத்தை 24 சட்டகமாக்க வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை: கமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சியில் உருவம் இரட்டையாக மங்கித் தெரிந்தால், அது அமெரிக்க வீடியோவிலிருந்து மாற்றிய பிரதி. அதில் வேகம் கூடியிருக்காது, குறைக்கக் கூடாது.

டிவிடிகளை நாட்டு வாரியாக 'ரீஜியன்' எண் போட்டுப் பூட்டியிருப்பார்கள். உங்கள் அமெரிக்க டிவிடி ரீஜியன் 1. இலங்கை ரீஜியன் 5. கணினி டிரைவில் ரீஜியனை 5 தடவைதான் மாற்றலாம், ஐந்தாவது மாற்றத்தோடு அது பூட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு பழைய டிரைவை இதற்கென்று 1இல் விட்டுவிடுங்கள். டிவிடியில் வேகப் பிரச்சினை இல்லை. எடுத்தது 35 மில்லிமீற்றர் ஃபிலிம், தெளிவும் அதிகம். இரண்டும் இருக்கும் அத்தியாயத்துக்கு நாடாவை விட்டு டிவிடியைப் போடுங்கள்.

தமிழ் வசன வரிக்கு 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். ஆங்கில வரியைத் திறந்து மேலேயே தமிழை எழுதலாம். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 தெரிவுசெய்யாவிட்டால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். டிவிடிக்கான வரியை நாடாப் பிரதிக்குப் போட்டால் தொடக்கத்தில் பொருந்தி, முடிவில் இரண்டு நிமிடம் விலகும். அதை நகர்த்தித் திருத்த முடியாது, சட்டக வேகத்தை 23.976 இலிருந்து 25க்கு மாற்றுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழில் சொல் நீளம், வாசிக்க நேரம் வேண்டும், "நாடி 120, மூச்சு 28" போன்ற எண்களை மட்டும் விடாமல் போட்டு மீதியைச் சுருக்குங்கள். பென் டிரைவில் ரி.வி.யில் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறும் அல்லது கட்டம் கட்டமாக வரும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் வசன வரியை 'பர்ன் இன்' செய்து படத்தோடு பதித்துவிட்டால் எங்கும் ஒழுங்காகத் தெரியும். முதலில் 'கொ', 'மௌ' வரும் ஒரு நிமிடத் துண்டைச் செய்து பார்த்துவிட்டு முழுவதையும் ஓட்டுங்கள்.

மஸ்கெலியா வாசிகசாலை எழுதியது:

அக்காவுக்கும் அண்ணன்மாருக்கும் மிக்க நன்றி. பூஞ்சண நாடாக்களை வேறாக்கிவிட்டோம். இன்னொரு கேள்வி. பள்ளத்தில் விழுந்த வண்டிக்குக் கயிறு கட்டி இறங்கும் காட்சிகளைத்தான் பிள்ளைகள் அதிகம் கேட்கிறார்கள். நம் ரோட்டுக்கும் அது பொருத்தம். போடலாமா?

ரம்பொடை வளைவு எழுதியது:

போடுங்கள் தம்பி. ஆனால் அந்த இடத்தில் மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று பேச வேண்டும்.

அவர்கள் வண்டியில் கட்டிய கயிற்றில் இடுப்புப் பட்டியோடு இறங்குவார்கள், ஸ்டோக்ஸ் கூடை என்ற தூக்குப் படுக்கையில் ஆளை ஏற்றுவார்கள். இன்றைய முறையில் ஒரு கயிற்றை நம்பி யாரும் இறங்குவதில்லை. வேறு வேறு பிடிமானத்தில் கட்டிய இரண்டு கயிறு, ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்க. விளிம்பில் கல் அறுக்காமல் சாக்கு மடித்துப் போட வேண்டும். விளிம்புக்கு இரண்டு மீற்றருக்குள் நிற்கிற எல்லோரும் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் நீலக் கயிற்றில் இறங்கவே கூடாது. அதில் முடிச்சு வழுக்கும், உராய்வுச் சூட்டில் உருகும், வெயிலில் கிடந்தால் பலம் போயிருக்கும், பார்த்தால் தெரியாது. தேயிலைச் செடியில் கட்டி இறங்கவும் கூடாது. மழைக்கு ஊறிய மண்ணில் வேரோடு வரும்.

ஆகவே உங்கள் பிள்ளைகளின் வேலை இறங்குவது இல்லை. காட்சியைப் போட்டுவிட்டு, மேலே ரோட்டில் நிற்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். வளைவுக்கு இரு பக்கமும் ஆள் நிறுத்தி வாகனத்தை மறிப்பது. 119 (பொலிஸ்), 110 (தீயணைப்பு), 1990 (அம்பியுலன்ஸ்) மூன்றுக்கும் மூன்று பேர் பேசுவது, ஒருவரே மூன்றையும் சுற்றிக்கொண்டு நிற்காமல். வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைவுள்ளவரிடம் கேட்டு எண்ணிக்கை எடுப்பது, தூக்கி எறியப்பட்டவர் புதரில் கிடக்கலாம். பெற்றோல் மணம் வந்தால் புகைப்பதை நிறுத்துவது. மின்கம்பி அறுந்து கிடந்தால் பத்து மீற்றருக்கு அப்பால் எல்லோரையும் வைத்து, வண்டிக்குள் இருப்பவரை உள்ளேயே இருக்கச் சொல்வது. மேலே கூட்டம் சேர்ந்தால் விளிம்பு மண் சரிந்து கீழே உள்ளவர் தலையில் விழும், அதனால் கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளுவது.

மேலே வந்தவரை ரோட்டு வரை தூக்குவதற்குக் கம்பளித் தூக்கு பழக்குங்கள். இரண்டு மூங்கில், ஏழு ஏழரை அடி. கம்பளியை விரித்து, ஒரு பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் முதல் தடியை வைத்து அதன் மேல் மடியுங்கள். மடித்த இரட்டைத் துணியின் மேல் இரண்டாவது தடியை வையுங்கள், துணியின் ஓரம் தடியைத் தாண்டி ஒரு சாண் நீள வேண்டும். மீதிக் கம்பளியை அதன் மேல் திருப்பி மடித்தால் ஆளின் பாரமே மடிப்பை இறுக்கும், ஆணி முடிச்சு எதுவும் வேண்டாம். ஓரம் குட்டையாக விட்டால் பாதி வழியில் உருவிக்கொள்ளும். நோயாளியை ஏற்றுமுன் குழுவில் பாரமான ஆளைப் படுக்கவைத்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். நாலு பேர் தூக்க, ஐந்தாவது ஆள் முன்னால் நடந்து வழியில் கல், படி, வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இறக்கத்தில் கால் பக்கம் முன்னே, ஏற்றத்தில் தலைப் பக்கம் முன்னே.